ஹங்கி-டோரி அத்தான்

எங்கள் பெரிய அத்தானிடம் எதைக் கேட்டாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். முதல் பதில், "ஹங்கி-டோரி." இரண்டாவது, அந்த வார்த்தை எந்த ஊரில் பிறந்து, எந்தக் கப்பலேறி, எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்கிற வரலாறு. கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் கடைசிவரை கிடைக்காது.

"அத்தான், கரண்டு பில் கட்டிட்டீங்களா?"

"ஹங்கி-டோரி."

"அத்தான், கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஹங்கி-டோரி."

எல்லாம் நலம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர்கள் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசும்போது சொல்கிற வார்த்தையாம். மறுநாள் காலையில் ஃப்யூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்பார். அத்தான் அவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அந்த வார்த்தையின் வரலாற்றைச் சொல்லுவார். உள்ளே பெரியக்கா மெழுகுவத்தி தேடிக்கொண்டிருப்பாள்.

அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "தங்கமான மனுசன். யார் மனசும் நோவ ஒரு வார்த்தை சொன்னதில்ல." உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டதை எல்லாம் நாங்கள்தான் பிறகு கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்க உரிமை உள்ளவள் பெரியக்கா ஒருத்திதான். அவள் கேட்க மாட்டாள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள். பெரியக்கா, சின்னக்கா, கடைக்குட்டி நான். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாக ஒருவர் வருவது என்றால் அது பெரிய பதவி. எங்கள் அப்பா அவர் வந்ததும் ஈஸி சேரிலிருந்து எழுந்துகொள்வார். அம்மா அவருக்குப் பரிமாறும்போது குழம்பில் இருக்கிற நடுத்துண்டு மீன் எங்கே என்று அகப்பையால் தேடுவாள். மூத்த மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். திருப்பிக் கேட்பது எங்கள் வீட்டில் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய குற்றம்.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தான் சில வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பர்சர், அதாவது கப்பலின் கணக்கதிகாரி என்று சொல்லிக்கொள்வார். சாப்பாட்டு மேஜை துடைத்துத் தட்டு எடுக்கிற வேலை என்று அவரோடு கப்பலில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். தட்டு எடுப்பதில் ஒரு கேவலமும் இல்லை. என் சின்னக்கா மஸ்கட்டில் நோயாளிகளுக்குப் பெட்பேன் வைத்து எடுத்துத்தான் நர்ஸ் வேலையை ஆரம்பித்தாள். அதை யாரிடமும் மறைத்ததில்லை. பர்சர் என்று சொன்னதுதான் கேவலம்.

கப்பலிலிருந்து அவர் கொண்டுவந்தவை ஒரு தோல் பெட்டி, சவரம் செய்ததும் தடவுகிற ஒரு வாசனைத் தண்ணீர், இந்த ஒரு வார்த்தை. பெட்டியின் கைப்பிடி போனது. வாசனைத் தண்ணீர் தீர்ந்தது. வார்த்தை தீரவில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டையும் பவுடரும் போட்டுக்கொண்டு சாயங்காலம் பீச் ரோட்டுப் பக்கம் நடக்கப் போவார். ஆட்டோக்காரர்கள், "சார், அங்கிடோரியா?" என்று கேட்பார்கள். கேலி செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்று வரலாறு சொல்லியிருப்பார்.

அந்த வரலாற்றை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. வார்த்தையில் இரண்டு துண்டு. முன்துண்டு ஹங்கி. அமெரிக்காவில் நியூயார்க், முன்னே டச்சுக்காரர்கள் வந்து குடியேறிய ஊர். அங்கே பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஒரு மரத்தையோ கம்பத்தையோ வீடு என்று வைத்துக்கொள்வார்கள். ஓடிவந்து அதைத் தொட்டுவிட்டால் அப்புறம் யாரும் பிடிக்க முடியாது. அந்த இடத்துக்கு டச்சு மொழியில் ஹோங்க் என்று பெயர். அது இங்கிலீஷ் வாயில் ஹங்க் ஆனது. தொட்டவன் ஹங்கி, வீடு வந்து சேர்ந்தவன், தப்பித்தவன். இதுவரை சரிதான். நான் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அத்தான் சரியான இடத்தில் நிறுத்துகிற ஆளில்லை. "டச்சுக்காரன் அமெரிக்கா போனான் சரி. நம்ம நாகப்பட்டினத்துல கோட்டை கட்டி உக்காந்திருந்தானா இல்லையா? நம்ம பயலுவ ஓடியாந்து தூணைத் தொட்டுட்டு 'அங்க, அங்க'ன்னு கத்துவானுவ. அதைத்தான் அவன் தூக்கிட்டுப் போய் ஹோங்க்குன்னு வச்சான்" என்பார். எங்கள் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் அந்த வார்த்தையைப் பெற்றுப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

பின்துண்டு டோரி. அது ஒட்டு. அந்த வால்தான் அவருக்கு உயிர். ஈஸ்டருக்குச் சொன்னது கிறிஸ்துமஸுக்கு மாறியிருக்கும். ஒரு தடவை அது ஜப்பானில் கப்பல்காரர்கள் இறங்கிப் பொழுதுபோக்குகிற தெருவின் பெயர். தெருவுக்கு அவர்கள் பாஷையில் டோரி. இன்னொரு தடவை அது தட்டை அடியுள்ள ஒரு சின்னப் படகு. கப்பல் முங்கினாலும் டோரி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம், அதனால் ஹங்கி-டோரி. மூன்றாவது நம் ஊர் விளக்கம்: "நாம காப்பி கீப்பி, சோறு கீறுன்னு சொல்றதில்லையா? வெள்ளைக்காரன் ஹங்கி டோரின்னான்."

பக்கத்து வீட்டு சொல்தா மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர், ஒருநாள் பொறுமையிழந்து சொன்னார்: "எதுக்குய்யா இவ்வளவு நீட்டு? எங்க பிரெஞ்சுல 'சா வா?'ன்னா நல்லாருக்கியான்னு கேள்வி, அதையே இறக்கிச் சொன்னா நல்லாருக்கேன்னு பதிலு. முடிஞ்சுபோச்சு."

"அதுக்கு மூலம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அத்தான்.

சொல்தா மாமா கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாக்கப்பட்டதும் அங்கேதான். ஒரு ஈஸ்டர் அன்று எல்லோரும் பெரியக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் ஜப்பான் தெருவை ஆரம்பித்தார். நான் எச்சில் படாத இடது கையால் கைப்பேசியை எடுத்துப் படித்துக் காட்டினேன். டோரி எங்கிருந்து வந்து ஒட்டியது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று அதில் போட்டிருந்தது.

"தெரியாதுன்னு எழுதுறதுக்கு எதுக்கும்மா ஒரு அகராதி?" என்றார்.

"எங்க லேப்லயும் அப்படித்தான் அத்தான். ரத்தம் உறைஞ்சிருந்தா, பாக்க முடியல, மறுபடி எடுத்துட்டு வாங்கன்னு எழுதிக் குடுத்துருவோம்."

"அதான் உங்க லேப்ல கூட்டமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்கா அவருக்கு இன்னொரு கரண்டி குருமா ஊற்றினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவையாவது தெரியாது என்றோ, பார்க்கவில்லை என்றோ, சரியில்லை என்றோ சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அவர் மீன் வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். பட்டினச்சேரியிலிருந்து ஒரு அம்மா கூடையோடு வரும். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புதுசு. அத்தான் செவுளைத் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, மீனின் முகத்தைப் பார்த்து, "எப்படி, ஹங்கி-டோரியா?" என்பார்.

"அங்கிடோரி சார். இப்பதான் போட்டு கரைக்கு வந்து நின்னுச்சு. பெரிய வீட்டுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று அந்தம்மா முந்தாநாள் சங்கரா மீனை எடுத்துப் போடும். தெருவில் வேறு யாரிடமும் தள்ள முடியாத மீன் எல்லாம் எங்கள் பெரியக்கா வீட்டுச் சட்டிக்குத்தான் வரும். பெரியக்கா புளியை இரட்டிப்பாகக் கரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு நாற்றத்தை அமுக்குவாள். அவர் சாப்பிட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவார். அவளும் அதையே சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அவர் எச்சில் வைத்ததைச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உண்டு.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். அப்பா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு சாயங்காலம் டாக்டர், வீட்டு ஆம்பளை யாரு என்று கேட்டு அத்தானை உள்ளே கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் அம்மா, பெரியக்கா, நான். சின்னக்கா மஸ்கட்டிலிருந்து போனில். டிக்கெட் போடவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தான் வெளியே வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஹங்கி-டோரி. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்."

சின்னக்கா டிக்கெட் போடவில்லை. அம்மா காலையில் கஞ்சி காய்ச்சி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் கஞ்சியோடு வந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். சாமியாரைக் கூப்பிடவில்லை, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் பூசவில்லை. கடைசி நேரத்தில் நெற்றியில் அந்த எண்ணெய் படாமல் போனதைச் சொல்லிச் சொல்லியே அம்மா தன் காலத்தை முடித்தாள். டாக்டர் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருந்தார் என்பது எங்களுக்கு ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு தெரிந்தது.

"சொல்லியிருந்தா நீங்க தாங்கியிருப்பீங்களா?" என்று அத்தான் எங்களைத்தான் திருப்பிக் கேட்டார். எங்கள் தாங்கும் சக்தியை அளந்துபார்க்க இவர் யார் என்று எனக்கு நெஞ்செல்லாம் கொதித்தது. "அவரு நல்ல மனசுலதாண்டி பண்ணாரு" என்றாள் பெரியக்கா. நல்ல மனசு என்று ஒரு சாக்கு இருந்துவிட்டால் மனுஷன் எதை வேண்டுமானாலும் செய்யலாம் போலிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு சின்னக்கா தன் வீட்டை அவர் கையில் கொடுத்தாள். இதை வெளியூரில் சொன்னால் எங்களுக்குப் பைத்தியமா என்பார்கள். காரைக்காலில் பாதி வீடுகள் இப்படித்தான் எழும்புகின்றன. கட்டுகிறவர் பாரிசிலோ வளைகுடாவிலோ இருப்பார். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் நின்று பார்க்கிறவர் ஊரில் இருக்கும் மச்சானோ மாமாவோ அத்தானோதான். சின்னக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைட் டியூட்டியாகவே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். ஊரை ஒட்டிய தலத்தெருவில் அப்பா அவள் பங்குக்கு விட்டுப்போன மனை இருந்தது. ரிட்டையர் ஆகி வந்து அங்கே சொந்தக் கூரைக்குக் கீழே தூங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது வேலையை வேறு ஆளிடம் கொடுத்தால் பெரியக்கா முகம் வாடிவிடும் என்றும் அவள் நினைத்தாள்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலோரம். ஒரு மனையில் போர் போட்டால் இளநீர் மாதிரி வரும். அடுத்த மனையில் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். அதனால் போரில் தண்ணீர் தெளிந்ததும் முதல் டம்ளரை வீட்டுப் பெரியவர் குடித்துச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நல்ல தண்ணீர் என்றால் அதிலேயே கலவை போட்டுக் கட்டுவார்கள். கரித்தால் அந்தத் தண்ணீரைக் கட்டடத்தின் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தின்றுவிடும். வரிச்சிக்குடிப் பக்கமிருந்து லாரியில் தண்ணீர் வரவழைத்துக் கட்டுவார்கள். அலைச்சல்தான், ஆனால் எல்லோரும் செய்வதுதான்.

போர் போட்ட அன்று அத்தான் எங்கள் இரண்டு பேரையும் வீடியோ காலில் கூப்பிட்டார். சின்னக்கா மஸ்கட்டில் வார்டுக்கு வெளியே யூனிஃபார்மோடு நின்றாள். நான் லேபில் ஒரு மூலையில். அத்தான் சலவைச் சட்டையில், பின்னால் போர் வண்டி. சேறு ஓடி முடிந்து தண்ணீர் தெளிந்தது. டம்ளரில் பிடித்து எங்களுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, வழக்கம்போல் மீதியைப் பின்னால் நீட்டினார். ஒரு வளையல் கை வந்து வாங்கிக்கொண்டது. திரையில் அவர் முகம் மட்டும் நிறைந்திருந்தது.

"ஹங்கி-டோரி. தேனும்மா, தேனு."

சின்னக்கா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, "எதுக்கும் தண்ணிய ஒரு டெஸ்ட்டுக்குக் குடுத்துரலாமே அத்தான்" என்றேன்.

"ரத்தத்தையே பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே வியாதியாத் தெரியுதும்மா" என்றார்.

நான் விடாமல் பேசப் போனேன். பெரியக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சும்மா இரு. அவருதான் குடிச்சுப் பாத்துட்டாருல்ல" என்றாள். நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ உட்கார்ந்தேன்.

வீடு எழும்பியது. தினம் சாயங்காலம் ஒரு படம் வரும். படத்தில் முக்கால்வாசி அத்தான், பின்னால் கொஞ்சம் சுவர், அடியில் அந்த வார்த்தை. சின்னக்கா லீவில் வந்தபோது சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். பிரியாணிப் பந்தியில் கேன் தண்ணீர். பந்தி முடிந்ததும் வீட்டைப் பூட்டி, பெரியக்கா வீட்டில்தான் அவளைத் தங்கவைத்துக்கொண்டார்கள். தனியாகப் புது வீட்டில் எதற்கு என்றார்கள். அதற்கடுத்த லீவில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. புதுச் சுவர் மூச்சு விடுகிறது என்று அத்தான் விளக்கம் சொல்லிப் பெயிண்ட் அடிக்க வைத்தார். அதற்கும் அடுத்த தடவை பூச்சு பொருக்கு விட்டிருந்தது. அது கடல் காற்றாம்.

பிறகு சின்னக்கா ஒரேயடியாக வந்துவிட்டாள். தலத்தெரு வீட்டில் தூங்கி எழுந்த முதல் காலையில் என்னைப் போனில் கூப்பிட்டாள். "வாய் கொப்புளிச்சேன்டி. கரிக்குது" என்றாள். அத்தானிடம் கேட்டதற்கு, "அன்னிக்குத் தேனா இருந்துச்சும்மா. நடுவுல கடல் உள்ள ஏறிருச்சு. மழை பெஞ்சா சரியாயிரும்" என்றிருக்கிறார்.

மழையும் பெய்தது. ஒரு மத்தியானம் அவள் கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்து போனாள். அந்த நேரத்தில் அவள் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் கூரைச் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. வந்து பார்த்த இன்ஜினீயர் சுத்தியால் நாலு இடத்தில் தட்டினார். தெரிந்த கம்பியை விரலால் சுரண்டினார். துரு செதில் செதிலாகக் கொட்டியது.

"எந்தத் தண்ணியில கட்டுனீங்க?"

சின்னக்கா போர்க் குழாயைக் காட்டினாள்.

"இனிமே இதுக்குள்ள படுக்காதீங்கம்மா. கூரையை இறக்கித்தான் ஆகணும். சுவரும் நிக்காது."

சின்னக்கா அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "வீடு போனாப் போவுதுடி. அன்னிக்கே கரிச்சுச்சா, அப்புறம் கரிச்சுச்சான்னு மட்டும் அவரு வாயால சொல்லட்டும். தெரியாம நடந்துச்சுன்னா நான் கடவுள்கிட்ட பேசிக்கிறேன். தெரிஞ்சு நடந்துச்சுன்னா அதையும் தெரிஞ்சுக்கணும். அப்பா சாவுலேருந்து எனக்கு யாரும் எதையும் நெசமா சொன்னதில்ல." இத்தனை வருஷம் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகியவள். அவளுக்கு ஒரு கெட்ட செய்தி சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆளில்லை. எனக்கு அத்தான் மீது வந்த வெறுப்பு அன்றுதான் முழுசாக வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அத்தானும் பெரியக்காவும் வந்தார்கள். நானும் வந்திருந்தேன். உள்ளே உட்கார முடியாது என்பதால் வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். அத்தான் வெள்ளைச் சட்டையில், பவுடர் வாசனையோடு, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பெரியக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். உட்காருக்கா என்று சொல்லியும் உட்காரவில்லை.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். சின்னக்கா எழுந்து, வாசலில் வைத்திருந்த குடிதண்ணீர்க் கேனைத் தாண்டி நடந்து போய், போர்க் குழாயைத் திறந்து எவர்சில்வர் டம்ளர் நிறையப் பிடித்தாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரியே தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க அத்தான். அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

கூரை விழுந்த வீடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒரே ஒரு வார்த்தை போதும். கரிக்குது என்று சொல்லியிருந்தால் சின்னக்கா அவரை அந்த இடத்திலேயே மன்னித்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். மனசுக்குள் நான்கூடச் சொல்லிப் பார்த்தேன், சொல்லுங்க அத்தான், ஒரு தடவை சொல்லுங்க என்று.

அவர் டம்ளரை எடுத்தார். ஒரு மடக்கு குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இன்னொரு மடக்கு, இன்னொரு மடக்கு. பாதிக்கு வந்ததும் நிறுத்தி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஹங்கி-டோரி."

சின்னக்கா தட்டோடு அப்படியே நின்றாள்.

"கடலோரம்னா ஒரு சொட்டு உப்பு இருக்கும். அது எல்லா ஊர்லயும் உள்ளது. இந்த ஹங்கின்னு சொல்றமே, அது வெளையாட்டுல வீடுன்னு ஒரு எடம் இருக்கும் பாரு, ஓடியாந்து தொட்டுட்டா..." என்று ஆரம்பித்தவர், பழக்கதோஷத்தில் மீதித் தண்ணீரைப் பின்னால் நீட்டினார்.

பெரியக்கா வாங்கினாள். டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள். விழுங்கவில்லை. இரண்டடி தள்ளிப் போய் வேப்பமரத்து அடியில் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, முதல் தடவையாக அவர் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"கரிக்குதுங்க" என்றாள்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கும் கரிச்சுச்சு. நீங்க குடுத்த மீதிய நான்தானே குடிச்சேன்."

அத்தான் மறுபடி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். பெரியக்கா இப்போது டம்ளரோடு சின்னக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்வேன் என்கிற மாதிரி.

சின்னக்கா தட்டை நாற்காலியில் வைத்தாள். பெரியக்காவின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"கேன்ல நல்ல தண்ணி இருக்குக்கா" என்றாள். "தரவா?"